திரும்பி வந்த அசல்

யூனிஸின் செராக்ஸ் கடைக்குள் காந்தா நுழைந்தபோது கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மெஷின் இன்னும் சூடாகிக்கொண்டிருந்தது.

லிங்கராஜபுரத்துக் கிணற்றுச் சந்தில் யாருக்கு எந்தக் காகிதம் சிக்கலானாலும் யூனிஸின் கடைக்குத்தான் வருவார்கள். காணாமல் போன வீட்டுப் பத்திரம் ஒன்றை அவள் நாற்காலியை விட்டு எழாமலே கண்டுபிடித்துக் கொடுத்ததை இன்றும் சொல்வார்கள். யூனிஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"யூனிஸக்கா, நம்ம லெட்டர் ஆபீஸ்ல இல்லையாம்."

வாசலில் ஆட்டோவுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாலகுமார் அதைக் கேட்டதும் இறங்கி வந்துவிட்டான். நாற்பது வயதிலும் அவனுக்கு இப்படிப்பட்ட விஷயம் என்றால் சவாரி மறந்துபோகும். "நான் அப்பவே சொன்னேன்ல? பில்டர் வேலை!"

"முதல்ல அவ சொல்லட்டும், பாலு," என்றாள் யூனிஸ்.

சந்தின் கடைசியில் ஒரு காலி மனை இருந்தது. உள்ளே வரும் தண்ணீர் டேங்கரோ ஆட்டோவோ திரும்ப அந்த இடம் ஒன்றுதான். போன மாதம் அங்கே ஒரு வெள்ளை போர்டு மாட்டினார்கள். ஆறு மாடிக் கல்யாண மண்டபம் கட்ட ஒரு பில்டர் விண்ணப்பித்திருப்பதாக அதில் இருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் திட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். ஆட்சேபணை என்று ஒன்று தெரிவிக்கலாம் என்பதே சந்துக்காரர்களுக்கு அன்றுதான் தெரியும். முப்பத்தொரு வீட்டாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

காந்தாவுக்கு அது வெறும் கடிதம் இல்லை. அவள் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பாலகுமாரின் ஆட்டோ வீட்டு வாசல்வரை வந்து, காலி மனையில் திரும்பி, அவரை ஏற்றிக்கொண்டு போகும். அங்கே சுவர் எழும்பி, முகூர்த்த நாளில் சந்து வாயிலில் கார்கள் நின்றால், நடக்க முடியாத மனிதரை யார் தூக்கிக்கொண்டு போவது?

"நான் சமைக்கிற வீட்டு மேடம் நேத்து ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டாங்க. 'அந்த ரோட்ல இருந்து ஒரு லெட்டரும் வரலை'ன்னுட்டாங்களாம். நாளைக்குச் சாயங்காலத்தோட நாள் முடியுது அக்கா. கவர்மெண்ட் ஆபீஸ்ல இருந்தவர்னு ஓஸ்வால்ட் சாரைத்தானே அனுப்பினோம்? அவர்தானே கொண்டுபோய்க் கொடுத்து சீல் வாங்கிட்டு வந்தார்? இதோ பாருங்க."

பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதல் தாளில் கடிதம். அதன் ஓரத்தில் ஊதா மையில் ஒரு சீல். 'ரிசீவ்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் ஆறாம் தேதியும் மட்டும் இருந்தன. இரண்டாம் தாள் முழுக்கக் கையெழுத்துகள். யூனிஸ் அந்தத் தாளைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் ஆள்காட்டி விரலை மெல்ல ஓட்டினாள். பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தாள்.

"கையெழுத்து வாங்கினப்போ எந்தப் பேனா?"

"நீங்கதானே கருப்புப் பேனால போடச் சொன்னீங்க, செராக்ஸ்ல பளிச்சுன்னு விழும்னு. ஒரே பேனாதான் வீடு வீடாப் போச்சு."

"நான் எத்தனை காப்பி எடுத்தேன்?"

"ஒண்ணு. அசல், காப்பி ரெண்டையும் சார் கையில கொடுத்தோம். சார் ராஜேஷ்குமாரோட ஸ்கூட்டர்ல ஏறிப் போனார்."

பாலகுமார் மேஜையைத் தட்டினான். "போதும் அக்கா! ராஜேஷ்குமார் மாடியில ஆறு ரூம் கட்டி ஐ.டி. பசங்களுக்கு விட்டிருக்கான். மண்டபம் வந்தா வாடகை ஏறும். கடைசியா, முனகிக்கிட்டே கையெழுத்துப் போட்டவன் அவன்தான்."

"கேட்டுட்டு வரலாம்," என்று யூனிஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

ராஜேஷ்குமார் அரைக்கால் சட்டையோடு மோட்டார் போட வெளியே வந்திருந்தான். "என்ன பாலு, எப்போ சி.ஐ.டி. ஆனே? காக்கிச் சட்டை ஏற்கெனவே இருக்கு, தொப்பி ஒண்ணுதான் பாக்கி," என்று சிரித்தான். யூனிஸைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"மண்டபம் வந்தா எனக்கு நல்லதுதான் அக்கா, மறைக்கலை. ஆனா கையெழுத்துப் போட்டேன்ல? சாரை ஆபீஸ் கேட்ல இறக்கிவிட்டேன். லெட்டரை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிட்டே வந்தார். நான் தொடக்கூட இல்லை."

"அப்புறம் அவரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு, சிவாஜிநகர்ல. நான் வண்டிக்குப் பஞ்சர் போட்டுட்டிருந்தேன். சார் எதிர்ல ஸ்டேஷனரிக் கடைல நின்னார். 'சார்'னு கூப்பிட்டேன். காதுல விழுந்திருக்கும், ஆனா திரும்பாம பஸ் ஸ்டாண்டுக்குள்ள போயிட்டார்."

கடைக்குத் திரும்பி நடக்கும்போது பாலகுமார், "பொய் சொல்றான் அக்கா, கண்ணைப் பார்த்தீங்களா?" என்றான். யூனிஸ் நடையை நிறுத்தினாள். "யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே, பாலு. சாயங்காலம் நான் ஓஸ்வால்ட் சாரைத் தனியாப் பார்க்கணும்."

பாலகுமாரால் அவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியவில்லை. ஆறு மணிக்கு யூனிஸ் வந்தபோது காந்தா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, சந்தில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இது?"

"துப்பு துலங்கினா எல்லாரையும் ஒரே இடத்துல உட்கார வைக்கணும்ல அக்கா?"

கேட்டுக்கு வெளியே ஓஸ்வால்ட் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர் என்று சந்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைச் சார் என்றுதான் கூப்பிடும். கேட் திறந்துதான் இருந்தது. ஆனால் யாராவது கூப்பிடும்வரை அவர் உள்ளே வரமாட்டார். கடைக்கு வந்தாலும் அப்படித்தான்: தாள்களை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, வாசற்படியிலேயே நிற்பார். எத்தனையோ தடவை பார்த்த அந்தத் தோரணையின் அர்த்தம் யூனிஸுக்கு இப்போதுதான் விளங்கியது. இந்தக் கூட்டத்துக்கு முன்னால் தான் வாய் திறக்கக் கூடாது என்று தோன்றியது.

"சார், உள்ளே வாங்க. காந்தா டீ போடறா."

சமையலறைக்குள் அவரை அழைத்துப் போனாள். காந்தாவை ஒரு கண்ஜாடையால் வெளியே அனுப்பினாள். பாலகுமார் மட்டும் பின்னாலேயே வந்து கதவருகே நின்றான். யூனிஸ் கையெழுத்துத் தாளை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க சார்."

அவர் விரல் தாளில் பட்டது. அங்கேயே நின்றது.

"நான் எடுத்த காப்பியா இருந்தா பின்பக்கம் வழவழன்னு இருக்கும்," என்றாள் யூனிஸ், வெளியே கேட்காத குரலில். "இதுல ஒவ்வொரு கையெழுத்தும் விரலுக்குத் தட்டுப்படுது. முத்தம்மா பேர் எழுதின இடத்துல தாள் ஓட்டையே விழுந்திருக்கு, அவ்வளவு அழுத்தம். இது அசல். ஆபீஸ்ல அசலை வச்சிக்கிட்டு, காப்பில சீல் போட்டுத் தருவாங்க. இங்க அசலே சீலோட திரும்பி வந்திருக்கு."

"ஆபீஸ்ல மாத்திக் கொடுத்திருந்தா?" என்றான் பாலகுமார்.

"அப்படின்னா அவங்ககிட்டக் காப்பி இருக்கணும். ஒண்ணுமே இல்லைங்கறாங்க. சீலைப் பாரு. ஆபீஸ் பேர் இல்லை, நம்பர் இல்லை, கன்னடத்துல ஒரு எழுத்து இல்லை. இந்த ஊர்ல எந்த ஆபீஸ் சீல் அப்படி இருக்கும்? இது ஸ்டேஷனரிக் கடைல வாங்கற தேதிச் சீல். ராஜேஷ்குமார் பொய் சொல்லலை."

பாலகுமாரின் முகம் மாறியது. "அப்போ பில்டர்கிட்ட சாரே..."

"வாயை மூடு, பாலு. பில்டருக்கு விலை போனவர் இந்த அசலைக் கிழிச்சுப் போட்டிருப்பார், பத்திரமாத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார். வெறுங்கையோட வீட்டுக்கு வர முடியாத ஒருத்தர் செஞ்ச வேலை இது."

அடுப்பில் டீ பொங்கியது. யூனிஸ் தீயை அணைத்தாள்.

"கண்ணு சரியில்லம்மா," என்றார் ஓஸ்வால்ட். "எது அசல், எது காப்பின்னு தெரியலை." தாளை நிமிர்த்தி வைத்தார். "நான் ஆபீசர் இல்லம்மா. அட்டெண்டர். ஃபைல் தூக்கினேன், டீ வாங்கிக் கொடுத்தேன். ஆபீசர்னு நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கல்லாம் நினைச்சீங்க. இல்லைன்னும் நான் சொன்னதில்லை."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

"கௌன்டர்ல ஒரு சின்னப் பையன். இதெல்லாம் செல்லாதுன்னான். நான் முப்பத்திரண்டு வருஷம் கவர்மெண்ட் சர்வீஸ்னு சொன்னேன். என்ன போஸ்ட்னு கேட்டான். சொன்னேன். 'அப்போ கீழ போய் நாலு டீ சொல்லிட்டு வாங்க'ன்னு சிரிச்சான். க்யூல நின்னவங்களும் சிரிச்சாங்க. சந்து முனையில நீங்க எல்லாரும் காத்திட்டிருப்பீங்கன்னு தெரியும். காந்தா பாயசம் வைக்கறேன்னு வேற சொல்லியிருந்தா. பஸ் ஏற வந்தவன் அந்தக் கடையைப் பார்த்தேன். மறுநாள் போய்ச் சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். தினமும் போறேம்மா. கேட் வரைக்கும்."

"ஏன் செல்லாதுன்னான்? அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும் சார். அதைச் சொன்னாத்தான் நாளைக்கு ஏதாவது செய்ய முடியும்."

"ஒவ்வொரு வீடும் தனித்தனியா எழுதணும். போர்டுல இருக்கிற நோட்டீஸ் நம்பரைப் போடணும். அடையாள அட்டை காப்பி வைக்கணும். எழுதினவங்களே வந்து கௌன்டர்ல கையெழுத்துப் போடணும். எல்லாருக்குமா ஒருத்தர் கொண்டுவந்தா எடுத்துக்க மாட்டாங்களாம்."

"நான் போய்ச் சொல்லிடறேன். உங்க பேர் வேண்டாம்," என்றாள் யூனிஸ்.

"சீல் எங்கிருந்து வந்ததுன்னு கேப்பாங்களே," என்றார். பேனாவைப் பையில் நேராக்கிக்கொண்டு அவரே வெளியே போனார். பாலகுமார் வழிவிட்டான். "நான்தான் எல்லாரையும் கூப்பிட்டுத் தொலைச்சேன்," என்று முணுமுணுத்தான்.

அவர் உட்காரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார், அட்டெண்டர் என்பதையும் சேர்த்து.

முத்தம்மாதான் முதலில் பேசினாள். "இத்தனை வருஷமா சார், சார்னு ஒரு பியூனையா கூப்பிட்டுட்டிருந்தேன்?" பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

காந்தா சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரை ஆட்டோல ஏத்தும்போது ஒவ்வொரு தடவையும் நீங்கதானே கை பிடிப்பீங்க? பிடிச்சிக்கிட்டே எப்படிச் சும்மா இருந்தீங்க?"

ஓஸ்வால்ட் தரையைப் பார்த்தார்.

"இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு," என்றாள் யூனிஸ். "முப்பத்தொரு வீடு. ஒருத்தரை மட்டும் ஏன் அனுப்பினோம்?" காந்தா பக்கம் திரும்பினாள். "காந்தா, நீ முதல்ல என்னைத்தான் கேட்டே. கடையைச் சாத்த முடியாதுன்னேன். பொய். இன்னைக்கு ரெண்டு தடவை சாத்தினேன். எனக்கு ஆபீஸ் படி ஏறவே பிடிக்காது. கன்னடத்துல ஏதாவது கேட்டு, நான் திக்கித் திணறி, நாலு பேர் சிரிச்சா என்ன பண்றதுன்னு பயம். அவருக்கு நடந்தது எனக்கு நடந்திருக்க வேண்டியது."

அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ராஜேஷ்குமார் செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். "சாரை நான் கேட்லயே விட்டுட்டு ஓடினேன். உள்ளே வந்திருக்கலாம்," என்றான். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அடையாள அட்டை எடுக்க வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை பத்தரைக்கு அந்த அலுவலகத்தின் மாடிப்படியில் இருபத்தாறு பேர் வரிசையாக நின்றார்கள். மற்ற ஐந்து வீட்டார் வரவில்லை. ஓஸ்வால்ட் கடைசியில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் யாரும் நெருங்கி நிற்கவில்லை. பாலகுமார் மட்டும், தன் வீடு அந்தச் சந்தில் இல்லாவிட்டாலும், அவரோடு நின்றான்.

கௌன்டரில் அதே இளைஞன்தான். கடிதங்களை ஒவ்வொன்றாக வாங்கி எண் போட்டான். ஓஸ்வால்டின் முறை வந்தபோது அவர் தாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நீட்டினார். இளைஞன் நிமிர்ந்து பார்த்தான், தாளை வாங்கினான், சீல் வைத்தான், அடுத்து யார் என்று கேட்டான். அவனுக்கு அவரை ஞாபகமே இல்லை.

"விசாரணை இருபதாம் தேதி," என்றான் கன்னடத்தில். "கமிஷனர் முன்னாடி உங்க ரோட் சார்பா ஒருத்தர் பேசணும். யாரு?"

இருபத்தைந்து தலைகளும், பழக்கத்தில், ஓஸ்வால்டைத் திரும்பிப் பார்த்தன. பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. எல்லோரும் அவசரமாகப் பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்கள். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.

"யாரு, சீக்கிரம் சொல்லுங்க."

காந்தாவுக்குக் காது சுட்டது. அவள் கன்னடம் காய்கறிக்காரரோடும் மேடம் வீட்டு வாட்ச்மேனோடும் பேசுகிற கன்னடம். எழுதத் தெரியாது. இவ்வளவு பேர் பார்க்க அதைப் பேசியதும் இல்லை.

"நானு," என்றாள். தான் வருவதாக இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள்: "நானு பர்த்தினி. காந்தா. எழுதிக்கோங்க."