சளி வேடம் போட்ட செந்தில்குமார்

அக்சா இருமினால் ஆறாம் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

"கிட்ட உட்காந்தா ஒட்டிக்கும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க" என்று செந்தில்குமார் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு ஓடினான். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவள் பக்கத்தில் பில்கிஸ் மட்டும்தான் மிச்சம்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் ஸ்கூலுக்கு வர மாட்டேன்" என்றாள் அக்சா. அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பில்கிஸுக்குக் கோபம் பொங்கியது. "உனக்கு இன்னாதான் நோவு? எனக்குச் சொல்லு."

"ஒட்டுற நோவு இல்ல. பொறக்கும்போதே வந்தது. நம்ம உடம்புல உப்பு போய்வர குட்டிக் குட்டிக் கதவு இருக்குதாம். புரதத்தால ஆன கதவு. எனக்கு அது சரியாத் தொறக்காது. அதான் நுரையீரல்ல சளி கெட்டியாயிடுதுன்னு டாக்டர் சொன்னாரு."

"உப்புக்கும் சளிக்கும் இன்னா சம்பந்தம்?"

அக்சா உதட்டைப் பிதுக்கினாள்.

அன்று மாலை பில்கிஸ் மேல்விஷாரத்தில், அத்தா என்று அவள் அழைக்கும் அப்பாவின் தோல் கிடங்குக்குப் போனாள். இன்னும் பதனிடாத பச்சைத் தோல்களுக்கு, கெடாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கியிருந்தார்கள். தரையெல்லாம் ஈரம். சின்ன வயதில் இதைப் பார்த்து, கூரை ஒழுகுகிறது என்று கொளுத்தும் மே மாதத்தில் பக்கெட் வைத்தவள் அவள். அத்தா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

தோலில் இருந்த தண்ணீரை உப்பு அல்லவா வெளியே இழுத்திருக்கிறது!

பில்கிஸ் அங்கேயே குதித்தாள். "உப்பு எங்க போவுதோ, தண்ணி பின்னாடியே போவுது! அக்சாவுக்குக் கதவு தொறக்கல. உப்பு வெளிய வரல, தண்ணியும் வரல. சளி காஞ்சு கெட்டியாயிடுது!"

சனிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. போன வருடத்து அட்டை எரிமலையையே மறுபடி வைக்கலாம் என்று வகுப்பில் முடிவாகியிருந்தது.

"எரிமலை வேணாம் டீச்சர். நாங்களே உப்பா, தண்ணியா, கதவா நிக்கிறோம்" என்றாள் பில்கிஸ் மறுநாள், அக்சாவிடம் கேட்டுக்கொண்டு. ஞானசுந்தரி டீச்சர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

சளி வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அதற்குத்தான் வசனம் ஜாஸ்தி என்று தெரிந்ததும் செந்தில்குமாரின் கை தானாக உயர்ந்தது. நடிப்பு என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

கண்காட்சி அன்று பெற்றோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. கதவாக நின்றவர்கள் விலகினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட உப்புகள் வெளியே ஓடின. அவர்கள் சட்டையைப் பிடித்தபடி நீல ரிப்பன் கட்டிய தண்ணீர்களும் ஓடின. எல்லாரும் சேர்ந்து செந்தில்குமாரைச் சுலபமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு அக்சா நடுவில் வந்தாள். "எனக்கு இப்படித்தான்" என்று சொல்லி, கைகளை விரித்துக் கதவாக நின்றாள். உப்புகள் முட்டி நின்றன. தண்ணீர்களும் பின்னாலேயே நின்றன.

"ஐயோ, தண்ணி! காஞ்சு போய்ட்டேனே! நகர முடியலயே!" என்று செந்தில்குமார் தரையில் உருண்டான். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"இது பொறக்கும்போதே இருக்கிற கோளாறு. பக்கத்துல உட்காந்தா உங்க கதவு கெட்டுப்போவுமா?" என்று பில்கிஸ் கேட்டாள்.

"கெடாது!" என்று கூட்டமே கத்தியது.

செந்தில்குமாரின் அம்மா சோபனா மேடைக்கே வந்துவிட்டார். "தெரியாமச் சொல்லிட்டேன் கண்ணு" என்று அக்சாவை அணைத்துக்கொண்டார்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். கோப்பையை உயரத் தூக்கியபடி அக்சா சிரித்தாள், சிரித்துச் சிரித்து இருமினாள். யாரும் விலகவில்லை.

திங்கட்கிழமை அக்சா பள்ளிக்கு வந்தாள். அவள் பெஞ்சில் செந்தில்குமார் சட்டமாக உட்கார்ந்திருந்தான்.

"டேய், அது என் இடம். நகரு" என்றாள் பில்கிஸ்.

"சளி எங்கயாச்சும் லேசுல நகருமா? நீ வேற இடம் பாரு" என்றான் அவன்.