ஈரத் துணிக்குள் ஒரு ரோஜா

முத்தாபுதுப்பேட்டையில் ஹெலினா வீட்டு மொட்டைமாடியில், பழைய பெயின்ட் வாளியில் ஒரு ரோஜாச் செடி இருந்தது. அது அம்மா நட்டது. அம்மா இறந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று அந்தச் செடியின் பூவை அம்மாவின் கல்லறையில் வைக்க வேண்டும் என்று ஹெலினா ஆசைப்பட்டாள்.

ஆனால் செடியே பிழைக்காது போலிருந்தது. இலைகள் வெளிறிக் கிடந்தன. திருப்பிப் பார்த்தால் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் நடந்தன! எல்லாம் சிலந்திப்பேன்கள். இலைச்சாற்றைக் குடித்துவிட்டு, வலை வேறு கட்டியிருந்தன.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள், அதே மாடியில் வைத்திருந்த தன் கத்திரித் தொட்டிகளை அவசரமாகத் தள்ளி வைத்தார்.

"புடுங்கிப் போடு கண்ணு. என் செடிக்கும் வந்துடும்."

அப்பா பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டார். "கல்லறைத் திருநாள் வரைக்கும் பாக்கலாம்மா. தேறலன்னா எடுத்துடுவோம்."

செடிக்கடை ஜெகன் அண்ணன் ஒரு பொடி கொடுத்தார். "இதுல உயிரோட பூஞ்சை கீது. பேன் மேல மொளைச்சு அதைக் கொன்னுடும். சாயங்காலமா தண்ணில கலந்து அடி. ஈரம் இருந்தாதான் மொளைக்கும்."

ஹெலினா பாதிப் பொடியைக் கலந்து அடித்தாள். நாட்கள் போயின. பேன்கள் ஜாலியாக உலாவிக்கொண்டிருந்தன. தினமும் வானம் இருட்டிக்கொண்டு வந்து, மழை தராமல் போனது.

அம்மா நோயில் படுத்திருந்தபோதும் இப்படித்தான், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நினைத்ததும் ஹெலினாவுக்கு அழுகை முட்டியது. செடி பக்கத்தில் உட்கார்ந்தாள். உடனே துள்ளி எழுந்தாள். தரை தோசைக்கல்லாய்ச் சுட்டது.

இந்தச் சூட்டில் பூஞ்சை எப்படி முளைக்கும்?

வாளியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு இழுத்தாள். பொழுது சாய்ந்ததும் மீதிப் பொடியைக் கலந்து, இலைகளுக்கு அடியில் அடித்தாள். ஒரு பெட்ஷீட்டை நனைத்து, செடியைச் சுற்றிக் கூடாரம் போலக் கட்டினாள்.

"இன்னா கண்ணு, செடிக்கு ஜொரமா? ஈரத்துணி போட்டுகினு கீற?" என்று சிரித்தார் வேம்புலியம்மாள்.

"இல்ல ஆன்ட்டி, பூஞ்சைக்குத் தாகம்."

காலையில் பள்ளிக்குப் போகும்முன்னும், மாலையில் வந்ததும் துணியை நனைத்தாள்.

ஒருநாள் காலை மாடியில் ஒரே சத்தம். "ஐயையோ, இப்ப பூசணமும் புடிச்சுக்கிச்சே!" வேம்புலியம்மாள் முந்தானையால் இலையைத் துடைக்கப் போனார்.

ஹெலினா ஓடிவந்தாள். "தொடைக்காதீங்க ஆன்ட்டி! அது நம்ம ஆளு!"

இலைக்கு அடியில் பேன்கள் அசையவில்லை. அவற்றின் மேல் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை முளைத்திருந்தது. வேம்புலியம்மாள் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

அன்று மாலை ஹெலினா வந்தபோது பெட்ஷீட் ஏற்கெனவே நனைந்திருந்தது. கத்திரிச் செடிகளின் மேலும் ஒரு பழைய சேலை சொட்டிக்கொண்டிருந்தது.

கல்லறைத் திருநாளன்று செடியில் ஒரே ஒரு மொட்டு. அப்பா கத்தரிக்கோலோடு வந்தார். ஹெலினா மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டு இப்போதுதான் தலைதூக்கியிருந்தது அது.

"வேணாம்பா. இருக்கட்டும்."

கல்லறையில் சாமந்திப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஹெலினா குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "உன் பூ ஊட்ல கீதும்மா. இன்னும் தொறக்கல. நான் பாத்துக்கறேன்."

சடசடவென்று மழை பிடித்தது. மெழுகுவத்தி அணையாமல் அப்பா கையால் மறைத்தார். ஹெலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னிக்கு பெட்ஷீட்ட நனைக்க வேணாம்."