செம்மண் பூச்சு

வெள்ளைக்கரட்டுக்கு ஏறி வரும் விருந்தினருக்கு முதலில் சுக்குக் காப்பி கொடுப்பார்கள். அடுத்ததாக, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் செவிச்சில்லின் மேல் செம்மண்ணைக் குழைத்து அப்பி, அவர்களை உலகத்திலிருந்து துண்டித்துவிடுவார்கள்.

பட்டணத்தில் பிறந்த குழந்தைக்கே சில்லு பொருத்திவிடும் காலம் அது. அழைப்பு வந்தால் செவிக்குள் ஒலிக்கும். சேதி வந்தால் கண்ணுக்குள் எழுத்து ஓடும். துணைக்கோள்கள் எந்தக் காட்டையும் விட்டுவைக்கவில்லை. அதனாலேயே அருவியையும் கயிற்றுப் பாலத்தையும்விட இந்த மலைக்கிராமத்தின் மண் பிரபலமாயிற்று. அலைவிழுங்கி மண்! சில்லே இல்லாத மலைக்காரர்கள் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. வந்தவர்கள் மெச்சினார்கள், போதாதா?

மண் பூசுவதும் மலையேற்றுவதும் வீரணனின் வேலை. இன்று அவனுக்குக் கால் நகரவில்லை.

நேற்று ஊர் அலுவலகத்துக் கம்பித் தொலைபேசி அலறியது. பேசியவர் பெயர் அஸ்வத்.

"எங்கக்கா ரித்விகா அங்க வந்திருக்காங்க. கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க, உங்க மண்ணாலதான். அம்மா ஐ.சி.யூ.ல இருக்காங்க. அக்கா பேரையே சொல்லிட்டிருக்காங்க. உடனே சொல்லிடுங்க, ப்ளீஸ்!"

"சரிங்க" என்றான் வீரணன். சொல்லவில்லை. ஊர்த்தலைவி ஜக்கம்மாள் குறுக்கே நின்றுவிட்டாள்.

"ஒரு சேதிய உள்ள விட்டுட்டா, அப்புறம் நமக்கும் டவுனுக்கும் என்னடா வித்தியாசம்? நம்மளப் போலவே விருந்தாளி பிடிக்கிற எதிர்மலைக்காரன் வயிறு குலுங்கச் சிரிப்பான். வாயத் தெறந்த, வேல போயிரும்!"

இப்போது பருந்துப்பாறையில் விருந்தினர்கள் வரிசையாக உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு மூச்சில்லை. ஓரத்தில் ரித்விகா. ஐம்பது வயதிருக்கும். காலையில், "சாப்பிட்டியா வீரணா?" என்று தன் தட்டிலிருந்த பணியாரத்தை அவன் கையில் வைத்தவள். அது இன்னமும் அவன் நெஞ்சுக்குழியில் நின்றது.

வேலை போனால் போகட்டும். அவளருகே குத்துக்காலிட்டான்.

"மேடம், என்னை மன்னிச்சிருங்க. நேத்தே சொல்லியிருக்கணும். உங்க அம்மாவுக்கு..."

"ஷ்ஷ்! மெதுவா." அவள் மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஐ.சி.யூ.தானே? தெரியும்."

"தெரியுமா? எப்படி மேடம்?"

காதோரத்து மண்ணைத் தொட்டாள். "முதல் நாளே காஞ்சு வெடிச்சிடுச்சு. எல்லாமே வருது. தம்பி விடாம கூப்பிடறான். எனக்கு மட்டும்தான் இப்படி ஆயிருக்கு. வெளியில சொல்லிடாதே. பாவம், மத்தவங்க நிம்மதி கெட்டுடும்."

"அப்பக் கெளம்பலையா? ஜீப்பு கீழ நிக்குது மேடம்!"

அவள் பள்ளத்தாக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போன தடவை அம்மா படுத்தப்பவும் நான்தான் பார்த்துக்கிட்டேன். இப்பப் போனா இனிமேலும் நான்தான். அம்மா கூப்பிடறது தெரிஞ்சும் போகலைன்னா நான் மனுஷியே இல்லை. தெரியாம போகலைன்னா..." குரல் உடைந்தது. "நீ சொல்லலைன்னே இருக்கட்டும், வீரணா."

வீரணன் எழுந்தான். வரிசையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். எல்லாக் கருவிழிகளும் இடமிருந்து வலமாக ஓடின. மீண்டும் இடத்துக்குத் தாவின. வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தன. ஒருவர் எதற்கோ தனக்குத்தானே சிரித்தார். ஒவ்வொரு காதோரத்திலும் மண் வெடித்திருந்தது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று மூடி மறைத்துக்கொண்டிருந்தார்.

அவன் அலுவலகத்துக்குள் நுழையவும் தொலைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது.

"அஸ்வத் பேசறேன். அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லைங்க சார். இங்கதான்... எந்தச் சேதியையும் உள்ள விடறதில்லீங்களே."

திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான். மருத்துவமனைக் கருவியின் 'பீப்' கேட்டது. அதற்கும் பின்னால், தேய்ந்த ஒரு குரல், "அஸ்வத்... டேய் அஸ்வத்..." என்றது.

"அப்போ நிஜமாவே அங்க ஒண்ணும் வராதா?" அஸ்வத்தின் குரல் ரகசியம் போலத் தாழ்ந்தது.

"வராதுங்க."

"இன்னிக்கே கிளம்பி வந்தா ஒரு இடம் கிடைக்குமா?"

வீரணனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வாங்க சார்" என்றான். கை தானாகவே மண்சட்டியை இழுத்துத் தண்ணீர் ஊற்றிக் குழைக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் அஸ்வத். "நான் வர்றது அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."