நாலாவது பூட்டு

பூட்டுகள் நான்கு தொங்கின. ஆட்கள் மூன்றே பேர்.

மார்லிஸ் ஹட்டுனென் மறுபடியும் எண்ணினாள். ராட்சதப் பொக்லைனின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பூட்டை அந்தச் சிவப்புப் பெட்டியில் மாட்டவேண்டும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் இயந்திரத்துக்கு உயிர் வரும். மினசோட்டாவின் இரும்புச் சுரங்கத்தில் பெற்ற தாயை ஏசியவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, அடுத்தவர் பூட்டைத் தொட்டவனுக்குக் கிடையாது. ஸ்கோக்ஸ்டாட்டின் பூட்டு மஞ்சள், பால்கோவினுடையது பச்சை, அவளுடையது போன வாரம் தொழிற்சங்க அலுவலகத்தில் கொடுத்த புத்தம்புது நீலம். நாலாவது முழுக்கத் துரு. அதன் பெயர்ச்சீட்டில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

"இது யாரோடது?"

"அட, தீக்குச்சிக்கு எண்ணத் தெரியுது!" என்றார் ஸ்கோக்ஸ்டாட். இருபத்தெட்டு வருடம் பொக்லைன் ஓட்டி ஓட்டி அதன் இருக்கையின் வடிவத்துக்கே வந்துவிட்ட மனிதர். எழுந்து நின்றாலும் உட்கார்ந்த மாதிரிதான் தெரிவார். இயந்திரம் ஓட்டத் தெரியாதவர்களை மனிதக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார். வெல்டர்கள் எல்லோரும் அவருக்குத் தீக்குச்சிகள். "சங்கத்துல இப்பல்லாம் படிச்சவங்களாப் பாத்துச் சேக்குறாங்க போல."

அவளுக்குத் தொழில் பழக்க வந்த மூத்த வெல்டர் பால்கோ, வாயிலிருந்து இறைச்சி அப்பத்தின் துணுக்குகள் தெறிக்கச் சிரித்தார். பொக்லைன் கையின் நுழைதுளைக்குள் கறவை மாடு கன்றோடு போய் வந்துவிடும். பால்கோவின் இடுப்பு மட்டும் நுழையாது. உள்ளே விரிசலைப் பற்றவைக்க இவளை அனுப்புவதற்கு வேறு காரணமே கிடையாது.

"நீ பத்தவச்சு இழுக்கிற கோடெல்லாம் கடைசியில பன்னிவாலாச் சுருண்டுக்குது, அம்மணி. இன்னிக்கு ஒழுங்கா முடிச்சா பயிற்சிப் புத்தகத்துல என் கையெழுத்து. இல்லேன்னா மளிகைக்கடைக் குளிரறைக்கே திரும்பிப் போ."

ஏழு வருடம் அந்த அறையில் உறைந்த மீனை அடுக்கியவள். கோடையிலும் விரல் மூட்டுகள் விறைத்துக்கொள்ளும். திரும்பிப் போவதைவிடச் சாகலாம் என்று தினமும் நினைத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை இதே இரண்டு பேர்தான் வெல்டிங் தீப்பொறி ஒரு வாளி வாங்கிவரச் சொல்லி அவளைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். கிடங்குக்காரனும் முகம் மாறாமல், "சூடா வேணுமா, ஆறினதா?" என்று கேட்டான். இதுவும் அந்த ரகம்தான். தடியர்கள். மார்லிஸ் கம்பி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துவந்து துருப்பூட்டின் வளையத்தை நறுக்கினாள்.

சிரிப்பு நின்றது.

"எதுக்கு வெட்டுன?" என்றார் ஸ்கோக்ஸ்டாட்.

"உங்க வெளாட்டு எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

"நான் மாட்டல." அவர் பால்கோ பக்கம் திரும்பினார். "நீதான மாட்டுன?"

"நானா? இந்தப் பொண்ணு நமக்குப் பூச்சி காட்டுதுன்னுல்ல நெனச்சேன்."

"நல்லா நடிக்கிறீங்கய்யா," என்று காறித் துப்பிவிட்டுத் துளைக்குள் தவழ்ந்தாள்.

பொக்லைனின் கை அறுபதடி நீள இரும்புக் குகை. பழைய மசகின் நாற்றமும், கருகிய வண்ணத்தின் காரமும், அவற்றுக்கு அடியில் யாரோ வெகுநேரம் மென்று துப்பிய புதினாப் புகையிலையின் வாடையும் மூக்கில் ஏற, பின்னால் மின்கம்பி இழுபட்டு உரச, தலைவிளக்கின் வட்டத்தைத் தள்ளிக்கொண்டே கடைசித் தகடு வரை போனாள். வெளியே பால்கோ சுத்தியலால் இரண்டு தட்டினார். இருக்கிறாயா என்று அர்த்தம். அவளும் இரண்டு தட்டினாள்.

தகட்டுக்குப் பின்னாலிருந்தும் இரண்டு தட்டு வந்தது.

ஸ்கோக்ஸ்டாட். வேறு யார்? அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே கையின் நுனி வரைக்கும் ஏறியிருக்கிறது, கிழம். வசைபாடிக்கொண்டே விளக்கைத் தகட்டின் விளிம்பில் பிடித்தாள். இந்தப் பக்கத்தில் கைவைத்து இழுத்த கோடே இல்லை. மறுபுறத்திலிருந்து உருகி ஊடுருவி வந்த இரும்புச் சொட்டுகள்தான் நான்கு பக்கமும் வரிசையாக இருந்தன. வெல்டிங் பள்ளியில் ஒரு வாரம் படித்தவனுக்கும் புரியும். இந்தத் தகட்டை மூடியவன் அந்தப் பக்கம் இருந்து மூடியிருக்கிறான்.

அந்தப் பக்கத்துக்கு வழியே கிடையாது.

கையெழுத்து, குளிரறை, கையெழுத்து என்று முணுமுணுத்தபடி முகமூடியை இறக்கினாள். விரிசலில் தீ பிடித்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சைப் பொட்டு ஒன்றே உலகம். கோடு நகர்ந்தது, வளைந்தது, முடிந்தது. புகையிலை வாடை கழுத்துக்குப் பின்னால் வந்தது.

பிறகு இல்லை.

முகமூடியைத் தூக்கினாள்.

தகட்டின் நான்கு பக்கமும் கோடு. சொட்டுகள் அல்ல, கைவைத்து இழுத்த கோடு. இந்தப் பக்கத்தில். இன்னும் சிவப்பாக. முடிவில் சுருண்ட பன்றிவால்.

அவளுடைய கைவேலை.

மின்கம்பியைத் தேடினாள். அது தகட்டுக்கு அடியிலிருந்து வந்தது. இரும்போடு சேர்ந்து உருகியிருந்தது.

திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு முழம். அப்புறம் சுவர்.

வெகுதூரத்தில் பால்கோவின் குரல்.

"வந்துட்டியா? என்ன, இவ்ளோ நேரம்?"

"முடிச்சுட்டேன்," என்றது ஒரு குரல். அவளுடைய குரல்.

"பன்னிவால் இல்லையே?"

"நீங்களே போய்ப் பாருங்க, இடுப்பு நுழைஞ்சா."

ஸ்கோக்ஸ்டாட் வெடித்துச் சிரித்தார். "குடுய்யா கையெழுத்து! தேறிட்டா தீக்குச்சி!"

மார்லிஸ் தட்டினாள். இரண்டு. மறுபடியும் இரண்டு. முஷ்டியால், நெற்றியால்.

"உள்ள ஏதோ தட்டுதே," என்றார் பால்கோ.

"நல்லா நடிக்கிறீங்கய்யா," என்றது அவள் குரல்.

ஒரு பூட்டு கழன்றது.

இரண்டு.

கழுத்துச் சங்கிலியைப் பிடித்தாள். அதில் தொங்கிய நீலப் பூட்டின் சாவி விரலில் துருவாக உதிர்ந்தது.

மூன்று.

இயந்திரம் உறுமியது. பொக்லைன் கை மெல்ல மேலே எழும்பியது. அவள் வழுக்கித் தகட்டின்மேல் விழுந்தாள். விளக்கு அணைந்தது. முகத்துக்கு நேரே சிவப்புக் கோடு மட்டும், பன்றிவாலிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.