காலரில் ஒரு கரப்பான்பூச்சி

ரஞ்சனாவின் வீட்டில் ஒரு ரகசிய ஆயுதம் இருந்தது. அது தமிழ்.

வங்காளிகள் வாழும் டாக்குரியாவில் அவர்கள் தெருவில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. கடைக்காரரிடம் வங்காள மொழியில் பேரம் பேசிக்கொண்டே, நடுவில் அம்மாவும் அப்பாவும் தமிழில் யோசனை செய்வார்கள். "கத்தரிக்கா முத்தல், வேண்டாம்" என்பாள் அம்மா, கடைக்காரரைப் பார்த்து இனிமையாகச் சிரித்தபடி. அவரும் பதிலுக்குச் சிரிப்பார். புடவைக் கடையிலும் இதே கதைதான். ஆயுதம் ஒருநாளும் தோற்றதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கார் வாங்கப் போனார்கள்.

கார் ஆசைக்காக அல்ல. ரஞ்சனாவின் தம்பி ஜெயந்த்துக்கு ஆறு வயது. அவன் சக்கர நாற்காலியில்தான் எங்கேயும் போக முடியும். வாடகைக் கார் ஓட்டுநர்கள் வாசல்வரை வருவார்கள், நாற்காலியைப் பார்ப்பார்கள், "டிக்கியில் இடமில்லை" என்று கிளம்பிவிடுவார்கள். போன வாரம் மூன்று பேர் அப்படிப் போனதில் ஜெயந்த்தின் பயிற்சி வகுப்பே தவறிவிட்டது.

பவானிபூரில் ஒரு சந்துக்குள் நிமாய் ஹால்தார் பழைய கார் வியாபாரம் செய்துவந்தார். உருண்டைக் கண்கள், சிறிய மீசை. "வாருங்கள் தாதா, வாருங்கள் பௌதி" என்று வங்காளத்தில் அண்ணன், அண்ணி முறை சொல்லி வரவேற்று, மண் குவளைகளில் தேநீர் கொடுத்தார். அப்படியானால் ரஞ்சனாவுக்கு அவர் 'காக்கு', அதாவது சித்தப்பா.

அம்மா புன்னகையுடன் குவளையை வாங்கிக்கொண்டு தமிழில் சொன்னாள்: "பெருச்சாளி மாதிரி முழிக்கிறான் பாருங்க. ஜாக்கிரதை."

"சர்க்கரை போதுமா பௌதி?" என்றார் ஹால்தார்.

இரண்டு கார்களின் டிக்கியில் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ஒரு நீலக் கார். அப்பா நாற்காலியை மடித்து உள்ளே வைத்தார். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது! ஜெயந்த்தைப் பின்சீட்டில் தூக்கி வைத்தார்கள். அவன் இறங்கவே மாட்டேன் என்றான்.

"மூன்று லட்சம். கொஞ்சம் முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம்" என்றார் ஹால்தார்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இத விட்டா வேற கிடைக்காதுங்க. ஆனா மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கோங்க. நமக்கு இதுதான் வேணும்னு தெரிஞ்சா ஏத்திடுவான்."

ஹால்தார் மீசையைத் தடவினார். "அடடா, மறந்தே போனேன். காலையில் ஒருவர் இதே வண்டிக்கு மூன்று ஐம்பது சொல்லிவிட்டுப் போனார். அதற்குக் கீழே எப்படித் தருவது?"

ரஞ்சனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் ஐம்பதாயிரம் ரூபாயா?

"என்னங்க இது!" என்றாள் அம்மா.

"நம்மகிட்ட மொத்தமே மூணு இருபதுதான். அதுக்கு மேல பைசா கிடையாது" என்றார் அப்பா.

ஹால்தார் பெருமூச்சு விட்டார். "சரி தாதா. குழந்தை முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. உங்களுக்காக மூன்று இருபது. முடித்துக்கொள்வோம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. ரஞ்சனாவின் முகம் மட்டும் மலரவில்லை. மூன்று முப்பது சொல்லவில்லை. மூன்று பத்தும் சொல்லவில்லை. சரியாக மூன்று இருபது! அதெப்படி?

அவளுக்குள் ஒரு சந்தேகம் ஓடியது. அது நிஜமாக இருக்கக்கூடாதே என்று பயந்தாள். பிறகு தேநீரை ஒரு வாய் உறிஞ்சி, தரையைப் பார்த்தபடி, சாதாரணமாகத் தமிழில் சொன்னாள்:

"அம்மா, அந்தக் காக்கு சட்டைக் காலர்ல ஒரு கரப்பான்பூச்சி ஏறிட்டிருக்கு."

"ஐயோ! எங்க? எங்க?"

ஹால்தார் துள்ளி எழுந்து கழுத்தைத் தட்டினார். குவளை கீழே விழுந்து உடைந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி கவிழ்ந்தது.



'எங்க? எங்க?' என்று அவர் கேட்டது தமிழில்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றாள் ரஞ்சனா.

ஹால்தார் மெதுவாக நாற்காலியை நிமிர்த்தினார். "ஆறு மாசம் வேலூர்ல இருந்தேன் பாப்பா. எங்கம்மாக்கு ஆபரேஷன். லாட்ஜ் அக்கா தமிழ்லதான் திட்டுவாங்க. அதான் சீக்கிரமா வந்துச்சி."

"அப்போ நாங்க பேசினது..."

"எல்லாம் கேட்டுச்சி." அவர் அம்மாவைப் பார்த்தார். "அந்தப் பெருச்சாளியும்."

அம்மா செங்கல் நிறத்துக்குச் சிவந்துபோனாள். மீன் சந்தை, புடவைக் கடை, பக்கத்து வீடு... இத்தனை வருடமாக இனிமையாகச் சிரித்துக்கொண்டே சொன்னதையெல்லாம் யார் யார் கேட்டிருப்பார்கள்?

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒட்டுக் கேட்டு விலையை ஏற்றுகிறீர்களா? எங்களுக்கு வண்டியே வேண்டாம். வா, போகலாம்!"

காருக்குள்ளிருந்து ஜெயந்த்தின் குரல் கேட்டது. "அப்பா, இது நம்ம வண்டி இல்லையா?"

ஹால்தார் டிக்கிக்குள் மடங்கிக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு உடைந்த குவளையைப் பார்த்தார்.

"இருங்கப்பா" என்றாள் ரஞ்சனா. "காக்கு, நாங்க எவ்வளவு குடுப்போம்னு நீங்க கேட்டுட்டீங்க. நீங்க எவ்வளவுக்குக் குடுப்பீங்கன்னு நாங்களும் கேக்கணும். அப்பதான் சமம்."

"நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?" என்றார் ஹால்தார், வங்காளத்துக்கு மாறி.

"மாட்டோம். உங்கள் விலை வேறு யாருக்குத் தெரியும்?" என்றாள் ரஞ்சனா.

"என் மனைவிக்குத்தான். கணக்கெல்லாம் அவள் கையில்."

"அப்படியானால் அவருக்கு போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். நாங்கள் இருப்பதைச் சொல்லக்கூடாது."

ஹால்தார் வெகுநேரம் மீசையைத் தடவினார். கடைசியில் போனை எடுத்தார்.

"ஷிகா, அந்த நீல வண்டியை எவ்வளவுக்குத் தரலாம்?"

சந்து முழுக்க ஒரு பெண்குரல் முழங்கியது. "அதுவா? பூஜைப் பண்டிகைக்கு முன்னாலிருந்து தூசி தின்கிறது. இரண்டு எழுபத்தைந்து வந்தால் கொடுத்துத் தொலை. பேட்டரி வேறு செத்துக்கொண்டிருக்கிறது. ஆமாம், வாங்க வந்திருப்பது யார்? நேற்று வந்தானே, அதே மாதிரி இன்னொரு ஹாட்கிப்டேவா?"

எலும்புவரைக்கும் கஞ்சன் என்று அர்த்தம். வங்காளத்தில் அதைவிடப் பெரிய கஞ்சப் பட்டம் கிடையாது. அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது.

ஹால்தார் பதறிப்போய் போனை அணைத்தார். முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் ஹால்தார். கடைசியாக, வேறு வழியில்லாமல், அப்பா.

"இரண்டு எழுபத்தைந்து" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அஞ்சாயிரம் சேத்துக் குடுங்க" என்றாள் அம்மா. இந்தத் தடவை ஹால்தாரை நேராகப் பார்த்துத் தமிழில் பேசினாள். "பெருச்சாளின்னு சொன்னதுக்கு அபராதம்."

"அப்போ புது பேட்டரி நான் போட்டுத் தரேன் அக்கா" என்றார் அவர். "ஒட்டுக் கேட்டதுக்கு."

அடுத்த வாரம் ஜெயந்த் ஜன்னலோரம் உட்கார்ந்து பயிற்சி வகுப்புக்குப் போனான். சிக்னலில் கார் நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். அதை ஓட்டியவரின் மண்டையில் தர்பூசணி அளவுக்கு ஒரு பச்சை ஹெல்மெட்.

"அந்த ஆள் தலையப் பாருங்களேன்..." என்று அம்மா தமிழில் ஆரம்பித்தாள்.

ரஞ்சனா சட்டென்று ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.