படித்தவர் மட்டுமே பரிந்துரைக்கலாம்

நீள்மேசையின் தலைமாட்டில் வழக்கறிஞர் சங்கத் தலைவி நூருன்னிசா அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம் நீதிமன்றத் தலைமை நூலகர் தில்லைநாயகி. இடப்புறம் உதவி நூலகர் அருள்சகாயம். சன்னலோரத்து நாற்காலியில் ஆள் இல்லை, வாசிப்பளவி இருந்தது.

அது புழக்கத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் வில்லையை நெற்றிப்பொட்டில் ஒட்டி ஒரு நூலின் பெயரைச் சொன்னால், அந்த நூலில் நூற்றுக்கு எத்தனை பக்கம் மூளையில் தடம் பதித்திருக்கிறது என்று காட்டிவிடும். ஆசிரியர் வேலைக்கு அளந்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அளந்தார்கள்.

அன்று அதைக் கொண்டுவரச் செய்தது தில்லைநாயகியின் மனு. 'படிக்க வேண்டிய சட்ட நூல்கள் பத்து' என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாவட்டத்தின் எல்லா நீதிமன்றங்களுக்கும் போகும். இருபத்தாறு ஆண்டுகளாக அதன் அடியில் அவருடைய கையொப்பம். இந்த ஆண்டு பட்டியல் போட வழக்கறிஞர்கள் அருள்சகாயத்தின் பெயரைச் சொன்னார்கள். வந்து இரண்டே ஆண்டு! எதைப் படிக்கலாம் என்று கேட்க வருகிறவர்கள், தில்லைநாயகியின் மேசையில் குடையை வைத்துவிட்டு அவனிடம் போனார்கள். அந்தக் குடைகளை அவரால் மன்னிக்க முடியவில்லை.

மனுவில் ஒரே விதிதான் எழுதியிருந்தார்: ஒரு நூலுக்கு அளவியில் அறுபதுக்குக் குறைவாகப் பெற்றவர் அந்த நூலை எவருக்கும், வாய்மொழியாகக்கூட, பரிந்துரைக்கக் கூடாது. காலையிலேயே அது நிறைவேறிவிட்டது. நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பவன் எப்போது படித்திருப்பான்? தம்மைப் பற்றி அவருக்கு ஐயமே எழவில்லை. அந்த நூல்களோடே கிடந்தவர் அவர்.

"உக்காருங்க தம்பி. ஊசியெல்லாம் இல்ல, பயப்படாதீங்க," என்றார், தேவைக்கு மேல் கனிவாக.

நீர்ப்பங்கீட்டுச் சட்ட உரை: தொண்ணூற்று நான்கு. குத்தகைச் சட்டம்: தொண்ணூற்றொன்று. சாட்சிய விளக்கம்: எண்பத்தெட்டு.

"நீங்களும் ஒரு தடவ வச்சுடுங்கக்கா, பதிவுக்குத்தான்," என்றார் நூருன்னிசா.

ஒன்பது. ஆறு. பதினொன்று.

"மெஷின் கெட்டுப்போச்சு!"

"இப்பத்தான அவருக்கு ஒழுங்காக் காட்டுச்சு? அப்ப இத்தன வருஷமா எப்படிக்கா பட்டியல் போட்டீங்க?"

தில்லைநாயகியின் காது மடல்கள் சிவந்தன. "திரும்பி வர்ற புஸ்தகத்த முதுகு படிய மேசையில வச்சு விட்டுடுவேன். தானாப் பிரியும். பிரியிற பக்கத்துலதான் ஒரு வக்கீலோட கேஸ் நின்னிருக்கும். அந்தப் பக்கத்த மட்டும் பாப்பேன். எங்கயும் பிரியலன்னா பட்டியல்ல சேக்க மாட்டேன்."

அருள்சகாயம் வில்லையைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தான். "நான் படிச்சதெல்லாம் உங்க பட்டியல்ல இருந்ததுதான் மேடம். இருபத்தாறு வருஷப் பட்டியலையும் வரிசையா முடிச்சேன். வெளிய ஒரு புஸ்தகம் தொடல. எனக்கு முழுசாப் படிச்சாத்தான் நல்லதான்னே தெரியுது. உங்களுக்கு ஒரு பக்கம் போதுமா?"

அந்தக் குரலில் இருந்தது மரியாதை அல்ல. ஓராண்டாகத் தம் நெஞ்சில் எரிந்துகொண்டிருப்பது அவன் முகத்திலும் எரிவதை அவர் கண்டார். கொஞ்சம் இனித்தது.

"இந்த வருஷம் புதுசு நாலாயிரம் வந்திருக்கு," என்றான். "எதுல ஆரம்பிக்கட்டும்?"

அவற்றில் இரவலுக்குப் போய் வந்தவை எதிர் அடுக்கில் இருந்தன. எது எந்தப் பக்கத்தில் பிரியும் என்று அவருக்குத் தெரியும். பெயர் நாக்கு வரை வந்துவிட்டது.

"சொல்லக் கூடாது தம்பி. நான் படிக்கலியே."

"ஒரு பேருதான மேடம்?"

"விதி."

"அவங்களே எழுதினது," என்று நூருன்னிசா தலையைப் பிடித்துக்கொண்டார்.

நூலகக் கடிதங்களை எப்போதும் தில்லைநாயகிதான் கைப்பட எழுதுவார். 'இவ்வாண்டு முதல் நூல்களைப் பரிந்துரைப்பவர் திரு. அருள்சகாயம்' என்று எழுதினார். பெயர் மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாக விழுந்திருந்தது. தாளைக் கிழித்துவிட்டுச் சரியான அளவில் மறுபடி எழுதினார். அடுக்கின் முன்னால் அவன் முதல் நூலை எடுத்து முன்னுரையிலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தான். அது எங்கும் பிரியாத நூல். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு, உறையை ஒட்டி, அரக்கு வைத்து, கடிதங்களை உறிஞ்சிக்கொள்ளும் சுவர் அஞ்சல்குழாயில் போட்டார்.