இரண்டு பேருக்கு ஒரே எச்சில்

பஞ்சுக் குச்சியைத் தொலைத்தவர் சாட்சாத் பேராசிரியரேதான். "இப்படித்தான் கன்னத்துக்கு உள்ளே தேய்க்கணும்" என்று செய்து காட்டியவர், பேச்சு சுவாரசியத்தில் அதை மேஜையில் எங்கோ வைத்துவிட்டார். தேடினார், காணோம்.

"என் எச்சிலுக்குக்கூட கிராக்கி வந்துடுச்சு!"

மருந்தியல் மூன்றாம் ஆண்டு வகுப்பு சிரித்தது. ஒரே மாத்திரை ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு நஞ்சு, காரணம் மரபணு. இதுதான் பாடம். விருப்பமுள்ளவர்கள் தங்கள் மரபணுவையே சோதித்துக்கொள்ளலாம். திரையில் அவர் உதாரணமாகக் காட்டியது தன் பழைய முடிவை.

"எல்லாம் சாதாரணம். காபி மட்டும் ஆகாது. ஒரு வாய் குடிச்சா விடிய விடியக் கொட்டக் கொட்ட முழிப்பேன்."

"நான் ரெண்டு டம்ளர் குடிச்சும் உங்க கிளாஸ்ல தூங்குறேனே சார்" என்றாள் முன்வரிசை அக்கா. பிரசவத்துக்காக ஒரு வருஷம் விட்டுத் திரும்பியவள்; வகுப்புக்கே அக்கா.

ஒரு வாரம் கழித்து முடிவுகள் வந்தன. அக்காவின் தாளைப் படித்தவர் நிமிர்ந்தார். வரிக்கு வரி அவருடையதே. காபி உட்பட!

ஆய்வக உதவியாளரை அழைத்தார். "குழாயை மாத்திட்டியாய்யா?"

"உங்க குச்சி என் கைக்கே வரலையே சார். தொலைச்சது நீங்க."

காபி குடித்துவிட்டுத் தூங்குகிறவளுக்குக் காபி ஆகாதாம்! துப்புத் துலங்கிவிட்ட குஷியில் அவளைக் கூப்பிட்டார்.

"என் குச்சியை எடுத்தது நீதான். உன்னுது எங்கம்மா?"

"பையில. உறையைப் பிரிக்கல."

"ஏன்?"

"சும்மாதான் சார்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சில தாய்மாரின் உடல், ஒருவகை வலி மாத்திரையை மளமளவென்று 'மார்ஃபின்' என்ற மயக்க மருந்தாக மாற்றித் தாய்ப்பாலில் இறக்கிவிடும், குழந்தைக்கு அது நஞ்சு என்று போன மாதம் நடத்தியபோது, இவள் பாதியில் எழுந்து போனாள். "பாடம் அவ்வளவு கசப்பா?" என்று கிண்டல் வேறு அடித்திருந்தார். அந்த நாக்கை இப்போது கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வேண்டாம்னா விட்டிருக்கலாமேம்மா. கட்டாயமில்லையே."

"விட்டா, எதைக் காட்டுறது?"

"உன்னுதும் சாதாரணமாவே வந்திருக்கும்."

"வராம போயிருந்தா?"

மெதுவாகக் கேட்டார்: "கொழந்தை..?"

"பால் குடிச்சுட்டுத் தூங்கினவன் எழுந்திரிக்கல சார். வலி தாங்காம நான் அழுதேன்னு அந்த மாத்திரையை வாங்கிட்டு வந்தது எங்க வீட்டுக்காரர். இன்னிக்கு வரைக்கும் ராத்திரி பூரா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கார். நானும் கூடவே. மாத்திரையால இல்லன்னு ஒரு தாளைக் காட்டினா கொஞ்சம் கண்ணசருவார்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களைவிடச் சாதாரணமான ஆளு எனக்கு வேற யாரையும் தெரியலை சார்."